மூன்று மணியைத் திருடிய ஐந்து பெண்கள்

மலை வானிலை நிலையம்
ஜூன் 6

அக்கா,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாளே என்று உருகிப்போய்விடாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை வியாழக்கிழமை எங்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வரும். போன வாரம் அதன் டிரைவர் பெட்டிகளோடு தன் காமிக்ஸையும் மறந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். அட்டையில் பேரொளியான். சின்ன வயதில் 'தாடைக்காரன்' என்று கேலி செய்வோமே, அதே ஆள். தாடை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. சும்மா புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் நம் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

நம் சாம்பல் சேனை, அக்கா! கொடுமுடி, பாறைச்சி, கருந்தீ, ஊசிமழை, கடைசியில் பாதி கரைந்தபடி மூடுபனி. நீ பதின்மூன்று வயதிலும் நான் பத்து வயதிலும் சேர்ந்து உண்டாக்கிய ஐந்து பேர். நீ வரைந்தாய், நான் பேசவைத்தேன். அவர்களைப் போய் வில்லிகளாக்கி வைத்திருக்கிறாய். 'உலகை நடுங்கவைக்கும் கொடிய வீராங்கனைகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. கீழே 'கதை, வசனம், ஓவியம்' என்று போட்டு உன் பெயர் ஒன்றே ஒன்று.

அப்போதும் மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பதினான்காம் பக்கத்தில் மூடுபனி ஊருக்குள் இறங்கும் பெரிய கட்டம் இருக்கிறதே, அதில் பனிக்குள்ளே வெளிர்நீலமாக ஏதோ கிறுக்கல் தெரிந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் படித்தேன். உன் கையெழுத்து. "சின்னவளே, இவள் இங்கே என்ன சொல்லுவாள்?"

என்ன விளையாட்டு இது? எத்தனையோ ஆயிரம் பேர் படிக்கிற புத்தகத்தில் என்னைக் கூப்பிடுகிறாய். நேராக ஒரு கடிதம் போட உனக்குக் கை வரவில்லையா?

ஜீப்காரர் அவசரப்படுத்துகிறார். இங்கே முற்றத்திலிருந்து மலை விளிம்பு வரைக்கும் ஏழு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மேகத்துக்குள் எத்தனை கம்பம் தெரிகிறது என்று எண்ணி எழுதுவதும் என் வேலைதான். இன்றைக்கு மூன்று தெரிகிறது.

பாறைச்சியை நன்றாக வரைந்திருக்கிறாய். அதைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

சின்னவள்


ஜூன் 16

என் சின்னவளே,

உன் உறை வந்தது. பிரிக்காமலே அரை மணி நேரம் மேசையில் வைத்திருந்தேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய், இருந்தாலும் நாலு தரம் படித்துவிட்டேன். அம்மா நலம். முழங்கால்தான் படுத்துகிறது.

அந்த நீல எழுத்து என் முட்டாள்தனம். நாங்கள் முதலில் நீலப் பென்சிலில் வரைந்து, அதன்மேல் கறுப்பு மை ஏற்றுவோம். அந்த நீலம் அச்சில் விழாது. அதனால் யாரும் அழிப்பதில்லை. நான் அந்தத் தைரியத்தில் எல்லா இதழிலும் ஏதாவது கிறுக்குவேன், உன்னிடம் கேட்பதுபோல. அச்சகத்தில் புது ஸ்கேனர் வாங்கியிருக்கிறார்கள். அது நீலத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

கூத்து என்னவென்றால், இருநூறு வாசகர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள், மூடுபனி இப்படிச் சொல்லுவாள், அப்படிச் சொல்லுவாள் என்று. பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "வாசகரைக் கதைக்குள்ள இழுத்துட்டீங்களே, பலே!" என்று பாராட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வில்லிகள் ஆனது என் விருப்பம் இல்லை. "பேரொளியானுக்கு எதிரிதான் வேணும், தோழி வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர்கள் என்ன குற்றம் செய்கிறார்கள் என்று கேட்டார். மூன்று மணியைத் திருடுகிறார்கள் என்றேன். ஊர் ஊராகப் போய் பிற்பகல் மூன்று மணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஜனங்கள் இரண்டே முக்காலுக்குக் கண்ணை மூடித் திறந்தால் நான்கு ஆகியிருக்கும் என்றேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய இருபத்திரண்டு இதழ்களையும் பார்சலில் அனுப்புகிறேன், நீயே பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து வரும் இதழ்தான் சேனைக்குக் கடைசியாம். அதற்குப் பிறகு ஓர் இரும்பு ராட்சதன் வரப்போகிறான். செப்டம்பர் இருபதுக்குள் எட்டுப் பக்கத்தில் இவர்கள் கதையை முடித்துக் கொடுக்க வேண்டும். படம் வருகிறது. வார்த்தை வரவில்லை. நீ வசனம் எழுதி வைத்த நோட்டுகளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எழுதித் தருவாயா?

கேட்க எனக்கு வாய் இல்லைதான். இருந்தும் கேட்கிறேன்.

உன் பெரியவள்


ஜூலை 4

அக்கா,

பார்சல் வந்தது. ஒரு பிற்பகலுக்கு இரண்டு இதழ் என்று வைத்துப் படித்தேன். இங்கே பிற்பகலில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். மேசை விளிம்பு தெரியாது, என் கையே மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் படிக்கத்தான் இது சரியான புத்தகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வில்லிகளானது நல்லதாகப் போயிற்று.

நல்லவர்களாக இருந்திருந்தால் எல்லோரிடமும் சிரித்துப் பேச வேண்டியிருக்கும். யாராவது கூப்பிட்டால் பறந்து போக வேண்டும். இவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பாறைச்சி சிறைக் கதவை உடைப்பதில்லை, கழற்றிச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைக்கிறாள். ஊசிமழை தாடைக்காரனைக் குத்தவே இல்லை, மேலங்கியைச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் போகிறாள். அவன் பறக்கப் பார்த்துத் திணறுகிற கட்டத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன், எங்கள் நிலையத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கருந்தீ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டிக் கீழே போடுகிறாள். அதை எங்கிருந்து பிடித்தாய்?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, சண்டைக்கு முன் கொடுமுடி தன் கூந்தலை முடிகிற அந்தச் சின்னக் கட்டம். எதிரே ஒரு ஊரே ஆயுதத்தோடு நிற்கிறது. மற்ற நால்வரும் அவள் கூந்தலை முடிந்து முடிக்கும்வரை நிற்கிறார்கள், ஒருத்திகூட அவசரப்படுத்துவதில்லை. இருபத்திரண்டு இதழிலும் பேரொளியான் யாருக்காகவும் காத்திருந்ததாக ஒரு படம் இல்லை. ஜெயித்துவிட்டுத் தனியாகப் பறந்து போகிறான். இவர்கள் தோற்றுவிட்டு ஐந்து பேருமாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். யார் பாவம் சொல்லு.

திருடிய மூன்று மணிகளை அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று நீ வரைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பல் கோபுரத்தில் அறை அறையாக ஒரே வெயில், சாய்ந்த பிற்பகல் வெயில். அதில் ஐந்து பேரும் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள். அவர்கள் ஏன் அதைத் திருடினார்கள் என்று உன் வாசகர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அம்மா தூங்குகிற இரண்டிலிருந்து மூன்று வரைக்கும்தான் நம் நேரம். மூன்று அடித்தால் நீ டியூஷனுக்குப் போய்விடுவாய். மூன்று மணி வராமலே போனால் என்ன என்று நான் அழுதேன், நீ பென்சிலை எடுத்தாய்.

போன செவ்வாய்க்கிழமை வெளியே கம்பம் எண்ணப் போனேன். மேகத்துக்குள் ஐந்து பேர் கம்பங்களைத் தாண்டி வரிசையாக நடந்து போவதுபோல இருந்தது. கடைசியாக நடந்தவள் என் செருப்பைப் போட்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று ரொம்ப நேரம் நின்றேன். பிறகு உள்ளே வந்து பதிவேட்டில் 'ஒரு கம்பம்' என்று எழுதினேன்.

இனி மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். இருபத்திரண்டு இதழிலும் அவர்கள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. ஒரு எழுத்தைக்கூட நீ மாற்றவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் அந்த ஆபீசுக்குப் போனோமே, நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஆசிரியர், "படம் நல்லாயிருக்கு, வசனம் அதைவிட நல்லாயிருக்கு, யாருது?" என்று கேட்டார். நீ, "என்னோடதுதான் சார்" என்றாய்.

எனக்கு அது கேட்டது, அக்கா. அதனால்தான் போனேன். இந்த வேலையை நான் தேடிப் போனதாக நீ ஊரெல்லாம் சொல்லியிருப்பாய்.

சின்னவள்


ஜூலை 14

சின்னவளே,

உனக்குக் கேட்டது எனக்குத் தெரியாது.

நீ கொஞ்சம் என் பக்கமும் பார்க்க வேண்டும். அப்பா தவறிப்போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. நீ இருபது வயதுப் பெண், படிப்பு முடியவில்லை. அவர்களுக்கு ஒரே ஆள்தான் வேண்டும் என்று முன்பே தெரியும். உள்ளே ஒரு காலை வைத்துவிட்டால் பிறகு உன்னையும் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் நீயும் இல்லாத வீட்டில் நான் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அந்த நோட்டுகளை நீதான் விட்டுவிட்டுப் போனாய்.

கடைசி இதழைப் பற்றி: நால்வரும் சிறைக்குப் போகிறார்கள். மூடுபனி மட்டும் மனம் திருந்தி வீடு திரும்புகிறாள். பேரொளியான் கை நீட்டுகிறான், அவள் பிடித்துக்கொள்கிறாள். ஆசிரியர் ஐந்து பேரையும் ஒழித்துக்கட்டச் சொன்னார், நான்தான் அடம்பிடித்து அவளைக் காப்பாற்றினேன். அவள் அப்போது என்ன சொல்லுவாள் என்பதை மட்டும் எழுதி அனுப்பு. ஒரு வரி போதும்.

பெரியவள்


ஜூலை 25

அக்கா,

திருந்த வேண்டியது மூடுபனியா?

நன்றாக யோசித்துவிட்டு எழுது. அதுவரை என்னிடமிருந்து ஒரு வரியும் வராது.


ஆகஸ்ட் 4

சின்னவளே,

உன் கடிதத்தை மேசை விளக்கில் செருகி வைத்திருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் அதுதான் தெரிகிறது. பக்கத்து மேசைக்காரி வந்து, "என்னங்க, ஆசிரியர் சொன்ன திருத்தமா?" என்று கேட்டாள்.

மூடுபனி கையைப் பிடிக்கிற கட்டத்தைப் பதினொரு தரம் வரைந்தேன். பதினொரு தரமும் அவள் விரல் மூட மாட்டேன் என்கிறது. மை காய்வதற்குள் நானே கிழித்துப் போட்டேன். என் கைக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை.


ஆகஸ்ட் 11

சின்னவளே,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

போன கடிதங்களில் நான் எழுதியதெல்லாம் பூசி மெழுகல். அப்பா, அம்மா, உன் படிப்பு என்று அடுக்கினேன். அதெல்லாம் பிறகு யோசித்து வைத்த காரணங்கள். அன்றைக்கு அந்த அறையில் எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "வசனம் அதைவிட நல்லாயிருக்கு" என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பொறாமை. அவ்வளவுதான். வாயிலிருந்து பொய் தானாக வந்தது.

நேற்று ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், சேனையோட வசனம் எதுவுமே என்னோடது இல்ல. முதல் இதழ்லேர்ந்து என் தங்கச்சி எழுதினது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் தங்கச்சி? நீங்க ஒருத்தின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

"அன்னைக்கு வராந்தாவுல உக்காந்திருந்தா சார். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கும்மா சொல்றீங்க?"

"இப்பதான் சார் சொல்ல வந்துச்சு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பொய் சொன்னவங்களுக்கு இரும்பு ராட்சதனைத் தரணுமான்னு யோசிக்கணும்" என்றார். பிறகு, "கடைசி இதழை அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லுங்க. முடிவு அவ இஷ்டம். பக்கம் மட்டும் எட்டைத் தாண்டக் கூடாது" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

பெரியவள்


ஆகஸ்ட் 29

அக்கா,

இரண்டு வியாழக்கிழமை ஜீப் வரவில்லை, பாதையில் மண் சரிந்துவிட்டது. உன் கடிதங்கள் எல்லாம் இன்றைக்குத்தான் மொத்தமாக வந்தன. டிரைவர் டீ குடிப்பதற்குள் எழுத வேண்டும். நல்லவேளையாக எட்டுப் பக்க வசனத்தையும் முன்னாலேயே எழுதி வைத்திருந்தேன், இதனுடன் இருக்கிறது. உன் கடிதம் வந்தால் தரலாம், வராவிட்டால் அடுப்பில் போடலாம் என்று இருந்தேன்.

ஆறாம் பக்கம். பேரொளியான் ஜெயிக்கட்டும், அவன் பெயரில் நடக்கிற புத்தகம். திருட்டுப்போன மூன்று மணிகள் எல்லாம் கோபுரத்திலிருந்து பறவைகள்போலக் கிளம்பி ஊர் ஊராகப் போகட்டும். அவன் கேட்பான்: "ஏன் திருடினீர்கள்?" கொடுமுடி சொல்லுவாள்: "கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?"

ஏழாம் பக்கம். அவன் மூடுபனியிடம் கையை நீட்டி, "என்னோடு வா, உனக்கு மன்னிப்பு உண்டு" என்பான். அவள் சொல்லுவாள்: "நான் கேட்கவில்லையே."

எட்டாம் பக்கத்தில் வார்த்தை வேண்டாம். ஐந்து பேரும் நடந்து போகட்டும். எங்கே என்று நீயும் வரையாதே, நானும் எழுதவில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த இதழில் என் பெயர் மட்டும் வர வேண்டும். கதை, வசனம், ஓவியம், மூன்றுக்கும். உன் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது, மூலையில்கூட. நீ போட்ட ஒவ்வொரு கோடும் நான் போட்டதாக இருக்கட்டும்.

அநியாயம்தான். தெரிந்துதான் கேட்கிறேன். நான் சேனையில் ஒருத்தி, பேரொளியான் இல்லை. முடியாது என்றால் எட்டுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிடு.

சின்னவள்


அக்டோபர் 6

சின்னவளே,

புத்தகம் வெள்ளிக்கிழமை கடைக்கு வந்துவிட்டது. ஒரு பிரதி இதனுடன் இருக்கிறது. முதல் பக்கத்தைப் பார். உன் பெயர் மட்டும்தான்.

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேந்து என்னைப் பைத்தியமாக்கப் போறீங்க" என்றார். ஆனால் போட்டுவிட்டார். இரும்பு ராட்சதன் வேறு ஒருவருக்குப் போய்விட்டான். எனக்கு இப்போதைக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் போய் நின்றேன். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றபடி நம் இதழைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பக்கம் வந்ததும் ஒருத்தி "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாம் பக்கத்தை அவர்கள் திருப்பவே இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து முதுகுகளை வரைய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கொடுமுடியின் நடையில் கொஞ்சம் நொண்டல் வைத்திருக்கிறேன், மற்ற நால்வரும் அதற்கேற்ப மெதுவாக நடக்கிறார்கள். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "யாருடி இதை வரைஞ்சது? கையில முத்தம் கொடுக்கணும்" என்றாள். இன்னொருத்தி முதல் பக்கத்தைத் திருப்பி உன் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். 'நான்தான், நான்தான்' என்று தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிந்தது. அம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடி?" என்றாள். "இதுல நான் இல்லம்மா" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஒரு சாயங்காலத்துக்கே என்னால் தாங்க முடியவில்லை, சின்னவளே. இருபத்திரண்டு இதழ், ஆறு வருஷம். நீ எப்படித் தாங்கினாய்?

பெரியவள்


அக்டோபர் 17

அக்கா,

தாங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு உயரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தை டிரைவர்தான் முதலில் பிரித்தார். வண்டியிலிருந்து இறங்காமலே முழுவதையும் படித்துவிட்டு, "படம் போட்டது நீங்களா? நம்பவே முடியலைங்க" என்றார். நியாயமாகப் பார்த்தால் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே கேட்டு வாங்கினேன். "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். வில்லியாக இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்போல.

"அப்படியா, அவங்க இங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

இந்த மாதக் கடைசி வியாழக்கிழமைக்கு முன்சீட்டை உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நில். கம்பளி எடுத்துக்கொண்டு வா. நான் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், மேகம் இருந்தால் என்னைத் தெரியாது, பெயர் சொல்லிக் கூப்பிடு.

உன்
சின்னவள்